சிரமதானமும் பூட்டிய வீடுகளும்

"நாளைக்குச் சிரமதானம், எல்லாரும் மம்பட்டி கொண்டு வரணும்" என்று சேர் சொன்னால் எங்களுக்கு அது பெருநாள் மாதிரி. பாடம் இல்லை. புல்லு வெட்டினால் கடைசியில் பிளேன்ரீயும் பணிஸும் வரும். கல்முனைப் பக்கம் பள்ளிவாசல் வளவைத் துப்புரவாக்கினாலும், கடற்கரையில் பொலித்தீன் பொறுக்கினாலும் அதுக்குப் பேர் சிரமதானம்தான். இந்தச் சொல்லை இலங்கையில் ஊர் ஊராகக் கொண்டுபோனதில் பெரிய பங்கு ஒரு பௌத்த இயக்கத்துக்கு என்பது கம்பஸ் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். வாப்பாவிடம் சொன்னேன். "அது அரசாங்கச் சொல் எண்டெல்லவா நான் நெனச்சேன்" என்றார்.

1958 டிசம்பர். கொழும்பு நாலந்தா கல்லூரியில் ஏ.ரி. ஆரியரத்ன என்ற இளம் ஆசிரியர் மாணவர்களையும் சக ஆசிரியர்களையும் கூட்டிக்கொண்டு குருநாகல் பக்கம் கனத்தொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். தீண்டத்தகாதவர்கள் என்று சிங்களச் சமூகம் தள்ளிவைத்திருந்த ரொடியா மக்களின் கிராமம் அது. நகரத்துப் பிள்ளைகள் அவர்களோடு தங்கி, அவர்களோடு சாப்பிட்டு, அவர்களோடு மண் வெட்டினார்கள். அந்தக் காலத்தில் அது லேசான காரியம் இல்லை. அந்த முகாமில் இருந்து வளர்ந்ததுதான் சர்வோதய சிரமதான இயக்கம். இன்று 15,000க்கும் மேற்பட்ட கிராமங்களில் வேலை செய்ததாக அவர்கள் சொல்கிறார்கள். 'சர்வோதயம்' காந்தியின் சொல். ஜோன் ரஸ்கினின் ஒரு நூலைக் குஜராத்தியில் சுருக்கி எழுதியபோது அவர் வைத்த பெயர். 'எல்லோரின் உயர்வு' என்பது காந்தியின் பொருள். ஆரியரத்ன அதை 'எல்லோரின் விழிப்பு' என்று மாற்றிப் படித்தார். புத்தர் என்ற சொல்லுக்கே விழித்தவர் என்றுதானே அர்த்தம்.

மொரட்டுவையில் இருக்கும் அவர்களின் தலைமையகத்தின் பெயர் தம்சக் மந்திர. தர்மச் சக்கர இல்லம் என்று சொல்லலாம். ஆனால் அது பன்சலை இல்லை. அங்கிருந்து போன ஆட்கள் கிராமத்தில் செய்ததெல்லாம் பாதை போடுவது, கிணறு வெட்டுவது, பாலர் பாடசாலை தொடங்குவது. மனிதருக்கு அவசியமானவை பத்து என்று ஒரு பட்டியலும் போட்டார்கள். முதலாவது சுத்தமான, அழகான சுற்றாடல். பிறகு தண்ணீர், உடை, உணவு, வீடு, மருத்துவம், தொடர்பாடல், எரிசக்தி, கல்வி. பத்தாவது பண்பாட்டு, ஆன்மிகத் தேவை. வறுமையும் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம் என்பதுதான் கணக்கு. நிலைபேறான வாழ்வு என்று இப்போது செமினார் வைத்துப் பேசுவதை அவர்கள் மம்பட்டியால் பேசினார்கள் என்று எனக்குத் தோணும்.

1983 ஜூலைக்குப் பிறகு கதிர்காமத்தில் இருந்து நாகதீபம் வரைக்கும் ஒரு சமாதான நடைப்பயணம் போக ஆரியரத்ன ஆயத்தம் செய்தார். ஜனாதிபதி ஜே.ஆர். கேட்டுக்கொண்டதால் அது நின்றுபோனது. பிரேமதாச காலத்தில் இந்த இயக்கமே விசாரணைகளில் மாட்டியது. சிங்கள பௌத்தர் என்பதால் அரசாங்கம் மடியில் வைத்துக்கொண்டது என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது சுனாமி. களுத்துறை மாவட்டத்தில் லாகொஸ்வத்தை என்ற இடத்தில், கடலோரத்தில் வீடிழந்த குடும்பங்களுக்காகச் சர்வோதயம் ஒரு சூழல் கிராமத்தைக் கட்டியது. 2006 மார்ச்சில் திறந்தார்கள். 55 வீடுகள், மழைநீர்த் தொட்டிகள், சூரிய மின்சாரம், குப்பையைப் பசளையாக்கும் ஏற்பாடு, நடுவில் எல்லாருக்கும் பொதுவான ஒரு மண்டபம். அவுஸ்திரேலியாவில் சூழல் கிராமம் அமைத்த அனுபவமுள்ள மெக்ஸ் லிண்டெகர் வடிவமைப்புக்கு உதவினார். இலங்கையின் முதல் சூழல் கிராமம் என்று அதைச் சொல்வார்கள். தம்நியம்கம என்பது அதன் இன்னொரு பெயர்.

இனி எங்கட பக்கம் வருவோம். நாட்டிலேயே அதிகமான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். 10,000க்கு மேல். கிழக்கே கடல், மேற்கே வயல், இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம்: மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது எல்லாம் அதுக்குள்ளதான். கடலில் இருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் சொன்னதும் ஊரில் பாதி எங்கே போவது? தெற்கில் அந்த எல்லை 100 மீற்றர்தான். பிறகு குறைத்தார்கள். மருதமுனையில் ஒரு வீட்டுத் திட்டத்துக்கே 65 மீற்றர் என்று பேர் விழுந்தது.

அக்கரைப்பற்றுக்கு உள்ளே நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் காசில் 500 வீடுகள் எழும்பின. பள்ளிவாசல், பாடசாலை, ஆஸ்பத்திரி, கடைத் தொகுதி எல்லாம் சேர்ந்த ஒரு முழு ஊர். தீகவாபிப் புனித பூமிக்குப் பக்கத்தில் முஸ்லிம்களை மட்டும் குடியேற்றக் கூடாது என்று எதிர்ப்பு வந்தது, வழக்கு வந்தது. நாட்டின் இன விகிதாசாரப்படி வீடுகளைப் பகிர வேண்டும் என்று 2008இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. வீடுகள் வருசக்கணக்காக ஆளில்லாமல் கிடந்தன. கூரைக்குள்ளால் மரம் முளைத்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. தீகவாபித் தூபி பழசுதான், மகாவம்சத்திலேயே வருகிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரே சுனாமி, ஒரே நாடு. ஒரு இடத்தில் பௌத்தம் 55 குடும்பங்களுக்குக் கதவைத் திறந்தது. இன்னொரு இடத்தில் அதன் பேரால் 500 கதவுகள் பூட்டப்பட்டன.

இதை வைத்து "அது நல்ல பௌத்தம், இது கெட்ட பௌத்தம்" என்று முடித்துவிடலாம். எனக்கு அது காணாது. அந்தப் பத்துத் தேவைகளைத் திரும்ப எண்ணிப் பாருங்கள். வீடு இருக்கிறது, காணி இல்லை. நகரத்து மத்தியதர வர்க்கத்தின் கனவில் வரும் கிராமத்தைத்தான் சர்வோதயம் கிராமம் என்று நினைத்துக்கொண்டது என்று ரிச்சர்ட் கொம்பிரிச்சும் கணநாத் ஒபேசேகரவும் 1988இல் எழுதினார்கள். அந்த விமர்சனம் கொஞ்சம் கடுமைதான். ஆனால் கல்முனையில் இருந்து வாசித்தால் வேறு மாதிரிப் படுகிறது. காணி யாருடையது என்ற கேள்வியைத் தாண்டித்தான் மழைநீர்த் தொட்டியும் சூரிய மின்சாரமும் வரும். கனத்தொலுவையில் அந்தக் கேள்வியை எழுப்பாமலே மண் வெட்ட முடிந்தது. இங்கே மம்பட்டியைத் தரையில் வைக்க முதலே ஒரு வரைபடம் வந்துவிடும்.

எங்கட கையும் சுத்தம் இல்லை. அதே பக்கம் பள்ளக்காட்டில் கரையோர ஊர்களின் குப்பை மலையாகக் குவிந்து, அதைத் தின்ற யானைகள் செத்தன. எட்டு வருசத்தில் 20 யானை வரைக்கும் என்று 2022இல் செய்தி வந்தது. செத்த யானையின் வயிற்றில் பொலித்தீன். பட்டியலில் முதலாவதாக இருந்தது சுத்தமான சுற்றாடல்.

பள்ளிக்கூடக் காலத்தில் கடைசியாகச் செய்த கடற்கரைச் சிரமதானம் ஞாபகம் இருக்கு. முப்பது பைக்கு மேல் நிரப்பினோம். பின்னேரம் ஒரு ட்ரக்டர் வந்து ஏத்திக்கொண்டு போனது. நாங்க பணிஸ் சாப்பிட்டோம். அந்தப் பைகள் எங்கே போகுது எண்டு ஒருத்தரும் கேக்கல்ல.