புறம்போக்கு

புறம் என்றால் வெளி. போக்கு என்பது போக விடுதல். வரிக்கணக்குக்கு வெளியே விடப்பட்ட நிலமே புறம்போக்கு. ஏரி, குளம், வாய்க்கால், மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு ஆகியவை ஒருவருக்கு மட்டும் உரியவை அல்ல, ஊருக்கே பொது. அதனால்தான் அவற்றுக்குத் தீர்வை இல்லை.

வழக்கம் பழையது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி, ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றைக் கழித்த பிறகே வரி கணக்கிடப்பட்டது. வருவாய்த்துறைப் பதிவேடுகளில் இன்றும் ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, நத்தம் புறம்போக்கு என வகை பிரித்தே எழுதுகிறார்கள்.

வரி தராத நிலம், காலப்போக்கில் பயன் தராத நிலமாகப் பார்க்கப்பட்டது. சொல்லும் தரம் தாழ்ந்து, உதவாதவனைத் திட்டும் வசையாயிற்று. ஏரிகள் குப்பைமேடாகவும் மனைகளாகவும் மாறியதற்கு இந்தப் பார்வையும் ஒரு காரணம்.

சட்டம் பழைய பொருளின் பக்கமே நிற்கிறது. குளம் போன்றவை சமுதாயத்தின் பொதுச் செல்வம். அவற்றைக் காப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று 2001இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்குமாறு 2011இல் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. ஏரிகளைக் காக்கத் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு.

புறம்போக்கு வசைச்சொல் அன்று. நம் எல்லோருக்கும் உரியது என்பதன் பெயர் அது.