கார்டிசால், டிரான்ஸ்கார்ட்டின், உடற்கொழுப்பு

கார்டிசால் என்பது சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகளின் புறணியில் சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன். உடலோ மனமோ நெருக்கடிக்கு உள்ளாகும்போது இதன் சுரப்பு கூடுவதால் ‘மன அழுத்த ஹார்மோன்’ எனப்படுகிறது. ரத்தத்தில் இதைச் சுமந்து செல்லும் முதன்மைப் புரதம் டிரான்ஸ்கார்ட்டின். இது பெரும்பாலும் கல்லீரலில் உருவாகிறது. உடலில் கொழுப்பு எங்கே, எவ்வளவு சேர்கிறது என்பதில் இவ்விரண்டுக்கும் பங்குண்டு.

தொடக்கக் கால ஆய்வுகள்

1855இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன், அட்ரீனல் சுரப்பிகள் சிதைந்த நோயாளிகள் சோர்ந்து மெலிந்து இறப்பதை விவரித்தார். இதற்கு நேரெதிரான நோயை அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1912இல் பதிவுசெய்தார். 1932இல் அதைப் பிட்யூட்டரிக் கட்டியோடு தொடர்புபடுத்தினார். அந்நோயாளிகளுக்கு முகம் உருண்டு, வயிறும் பிடரியும் பருத்திருந்தன. கைகால்கள் மட்டும் மெலிந்திருந்தன. மிகுதியான கார்டிசாலே இதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

1947இல் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக், வயிற்றைச் சுற்றிச் சேரும் பருமனையும் இடுப்பு, தொடையில் சேரும் பருமனையும் பிரித்துக் காட்டினார். நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றோடு முதல்வகையே நெருங்கிய தொடர்புடையது என்ற அவரது கருத்து பின்னாளில் வலுப்பெற்றது. 1948இல் மேயோ மருத்துவமனையில் மூட்டுவாத நோயாளிக்கு, உடலில் கார்டிசாலாக மாறக்கூடிய கார்டிசோன் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அட்ரீனல் புறணி ஹார்மோன்கள் பற்றிய ஆய்வுகளுக்காகக் கெண்டல், ஹென்ச், ரைக்ஸ்டைன் மூவரும் 1950இல் நோபல் பரிசு பெற்றனர். கார்டிசோனை நெடுநாள் எடுத்துக்கொண்டவர்களிடமும் குஷிங் கண்ட அதே உடல் மாற்றங்கள் தோன்றின.

சுமக்கும் புரதம்

கார்டிசாலைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்று ரத்தத்தில் இருப்பதை 1950களில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 1959இல் ஸ்லான்வைட், சாண்ட்பர்க் இருவரும் அதற்கு டிரான்ஸ்கார்ட்டின் எனப் பெயரிட்டனர். கார்டிசாலில் 80 முதல் 90 விழுக்காடு இப்புரதத்தோடும், சிறுபகுதி ஆல்புமினோடும் பிணைந்துள்ளது. ஏறத்தாழ 5 விழுக்காடே தனித்துத் திரிகிறது. செல்லுக்குள் எளிதில் நுழைவது இப்பகுதிதான்.

பிணைப்பு நிலையானதன்று. காய்ச்சலில் பிடி தளர்கிறது. அழற்சி உள்ள இடத்தில் வெள்ளணுக்கள் வெளியிடும் நொதி இப்புரதத்தை வெட்டி ஹார்மோனை விடுவிக்கிறது. கர்ப்பகாலத்திலும், ஈஸ்ட்ரோஜன் அடங்கிய கருத்தடை மாத்திரை எடுப்பவர்களிடமும் டிரான்ஸ்கார்ட்டின் பெருகுவதால் மொத்தக் கார்டிசால் அளவு உயர்ந்து தோன்றும்.

கொழுப்புத் திசுவுக்குள்

1970களில் ஹோவர்ட் கிரீன் உருவாக்கிய எலிச் செல் வரிசை, கொழுப்புச் செல் முதிரும் விதத்தை ஆய்வுக்கூடத்தில் காண வழிசெய்தது. அச்செல்களை முதிரச் செய்ய, இன்சுலினோடு கார்டிசாலை ஒத்த டெக்சாமெத்தசோன் இன்றும் சேர்க்கப்படுகிறது. தோலடிக் கொழுப்பைவிட வயிற்றறைக் கொழுப்பில் கார்டிசால் ஏற்பிகள் மிகுதி. எனவே விளைவும் அங்கே கூடுதல்.

1997இல் பர்மிங்காம் ஆய்வாளர்கள், வயிற்றறைக் கொழுப்பில் உள்ள ஒரு நொதி செயலற்ற கார்டிசோனைக் கார்டிசாலாக மாற்றுவதை எடுத்துக்காட்டினர். 2001இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் இந்நொதியை எலிகளின் கொழுப்புத் திசுவில் மட்டும் மிகுவித்தனர். ரத்தத்தில் ஹார்மோன் கூடாமலேயே அவற்றின் வயிற்றில் கொழுப்பு சேர்ந்தது.

மரபணுச் சான்றுகள்

கொழுப்பு மிகுந்த சீனத்து மெய்ஷான் பன்றியையும் லார்ஜ் ஒயிட் இனத்தையும் கலந்து பிரான்சில் ஆராய்ந்தபோது, கார்டிசால் அளவோடும் கொழுப்போடும் தொடர்புடைய குரோமோசோம் பகுதியில் டிரான்ஸ்கார்ட்டின் மரபணு இருப்பது புலப்பட்டது. மனிதர்களின் காலைநேரக் கார்டிசால் வேறுபாட்டிலும் இம்மரபணுப் பகுதிக்குப் பங்குண்டு என்று 2014இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. உடல் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் உள்ளவர்களிடம் இப்புரதம் குறைந்திருப்பதும் பதிவாகியுள்ளது.

மதிப்பீடு

பருமனானவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தக் கார்டிசால் இயல்பான அளவிலேயே உள்ளது. ஆகவே மொத்த அளவை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவது பிழை; எவ்வளவு பிணைந்துள்ளது, எவ்வளவு விடுபடுகிறது, திசுவுக்குள் எவ்வளவு உருவாகிறது என்பனவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும். உணவும் உழைப்பும் முக்கியம்தான். ஆயினும் வயிறு பருத்தவர்களைப் பெருந்தீனிக்காரர்கள் என்று பழிப்பது அறிவியலுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது.