பாய் இறங்கியது, டீசல் ஏறியது



ஆழ்கடலுக்குப் போன படகு எஞ்சின் நின்று நாட்கணக்கில் மிதந்தது என்ற செய்தி எமது கரையோரத்துக்குப் புதிதல்ல. உம்மாமார் துஆவோடு கரையில் காத்திருப்பார்கள். படகு வந்து சேர்ந்ததும் பார்த்தால், பல தடவைகளில் எஞ்சினில் ஒன்றும் உடைந்திருக்காது. எண்ணெய்தான் உள்ளே போயிருக்காது. இந்தக் கதை நாம் நினைப்பதைவிடப் பழையது.

1910 இல் நோர்வே நாட்டவரான ரோல்ட் அமுண்ட்சென் தென்துருவம் போகப் புறப்பட்ட கப்பல் 'பிராம்'. மூன்று பாய்மரம் கொண்ட மரக்கப்பல். அதிலிருந்த நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு 180 குதிரைவலு டீசல் எஞ்சினைப் பூட்டினார்கள். நிலக்கரி அள்ளிப் போட ஆள் தேவையில்லை, கொதிகலன் சூடாகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஆனால் அத்திலாந்திக்கில் ஓடிய முதல் ஓட்டத்திலேயே தொல்லை. ஏற்றிய மசகான எண்ணெய் எஞ்சினுக்கு ஒத்துவரவில்லை. பேர்கன் துறைமுகத்தில் எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்து, சுத்திகரித்த மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள். எஞ்சினை அறிந்த சுவீடன்காரர் குனூட் சுண்ட்பெக் கூடவே போனார். அப்படியே எஞ்சின் நின்றாலும் அவர்களுக்குப் பாய் இருந்தது. இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

அக்கால டீசல் எஞ்சின் அமுக்கிய காற்றின் பலத்தால் எண்ணெயை உள்ளே ஊதியது. அதற்கு வேண்டிய கம்ப்ரசரோ பாரமானது. 1927 இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் எண்ணெயை நேரடியாக அழுத்திப் பீச்சும் பம்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கியதும் கம்ப்ரசர் தேவையற்றுப் போனது, எஞ்சின் சிறுத்தது, சின்னப் படகுக்குள்ளும் அடங்கியது. ஆனால் அந்தப் பம்பின் உள்பாகங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் சில ஆயிரத்திலொரு பங்குதான். அதற்குத் தூசியும் ஆகாது, தண்ணீரும் ஆகாது.

இலங்கையில் 1958 இல் மீன்பிடி இயந்திரமயமாக்கல் தொடங்கியபோது, 28 அடி நீள மூன்றரைத் தொன் படகுகள் டீசல் எஞ்சினோடு வந்தன. பாயும் துடுப்புமாய்த் தொழில் செய்த மூத்தாப்பாமாரின் காலம் மெல்ல மெல்லப் பின்னால் போனது. அதை நாம் குறை சொல்ல மாட்டோம். பாய்த்தோணியில் போய் இத்தனை சூரை பிடித்திருக்க முடியாது. ஆனால் இன்று நாட்கணக்கில் கடலில் நிற்கும் படகில், எஞ்சின் நின்றால் விரிக்கப் பாய் இல்லை.

நல்ல கடலில் ஓடிய எஞ்சின் புயலில் ஏன் நிற்கிறது? பாதி காலியான தாங்கியின் உட்சுவரில் இரவில் ஈரம் வியர்த்து அடியில் தண்ணீராய்ச் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து பாசிபோல் படியும். கடல் அமைதியாய் இருக்கும்வரை அது அடியிலேயே கிடக்கும். அலை உலுக்கியதும் கலங்கி மேலெழுந்து பில்டரை அடைக்கும். எஞ்சின் மிகவும் தேவைப்படும் நேரத்தில் நிற்பது இதனால்தான். 2022 இன் தட்டுப்பாட்டில் கண்ட கண்ட கான்களில் டீசல் சேர்த்து வைத்ததை நாமெல்லாம் பார்த்தோம்.

அடைத்த பில்டரை மாற்றினாலும் சிலவேளை எஞ்சின் பிடிக்காது. குழாயில் காற்று புகுந்திருக்கும். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. பம்ப் அழுத்தும்போது காற்று சுருங்கிக்கொண்டால் நொசிலைத் திறக்கும் அழுத்தம் வராது. பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகாணியைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். குமிழி நின்று தெளிந்த டீசல் வந்ததும் இறுக்கி, அடுத்து பெரிய பம்பில் அதையே செய்ய வேண்டும். தாங்கியிலிருந்து எஞ்சின் நோக்கி ஒவ்வொன்றாகப் போக வேண்டும். வரிசையை விட்டு நடுவில் தொடங்குகிறவர் பெட்டரியைத்தான் இறக்குவார்.

புறப்படும் முன் பில்டரின் அடித்திருகாணியைத் திறந்து கொஞ்சம் டீசலை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து வையுங்கள். சற்று நேரத்தில் தண்ணீர் அடியில் தனியாய்த் தெரியும். தெரிந்தால், தண்ணீர் வருவது நிற்கும்வரை வடித்துவிட்டு, தாங்கியின் அடியையும் பாருங்கள்.