உரித்துப் போட்ட பேட்ச்

பெல்ஜியத்தின் பீர்ஸ் ஊரில், பால் ஜான்சனின் ஆய்வுக்கூடத்தில் 1960-இல் பிறந்தது ஃபென்டனில் என்ற வலிநிவாரணி. மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம். அறுவை அரங்கில் ஊசியாக இருந்தவரை, பக்கத்திலேயே மயக்க மருத்துவர் நின்றார். கலிஃபோர்னியாவின் ஆல்சா நிறுவனம் அதைத் தோலில் ஒட்டும் பேட்சாக்கியது. 1990-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்து வீட்டுக்குள் வந்தது, மருத்துவர் வரவில்லை. மாத்திரை விழுங்க முடியாத புற்றுநோயாளிக்கு அது பெரிய வரம்தான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 100 மைக்ரோகிராம் வீதம் விடும் ஒரு வகைப் பேட்சில் 16.8 மில்லிகிராம் மருந்து இருக்கும். மூன்று நாளில் உடம்புக்குள் போவது சுமார் 7.2 மில்லிகிராம். சீராகக் கசிய வேண்டுமென்றே கூடுதலாக ஏற்றி வைக்கிறார்கள். ஆக, 'முடிந்தது' என்று உரித்துப் போடும் அந்தப் பேட்சில் பாதிக்கு மேல் மருந்து மிச்சம்.

அந்த மிச்சம் குப்பைக்கூடையிலிருந்தோ தரைவிரிப்பிலிருந்தோ தவழும் பிள்ளையின் கைக்கு வருகிறது. தாத்தாவைக் கட்டிக்கொண்டு தூங்கும்போது, அவர் தோலிலிருந்து கழன்று பிள்ளையின் முதுகில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஸ்டிக்கர் என்று நினைத்துப் பிள்ளையே ஒட்டிக்கொள்ளும். வாயில் போட்டு மெல்லும். மென்றால் மருந்து இன்னும் வேகமாக ஏறும். 15 ஆண்டுகளில் இப்படி 26 குழந்தைகள் பாதிக்கப்பட்டதாகவும், அவர்களில் 10 பேர் இறந்ததாகவும் 2012-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. 16 குழந்தைகளுக்கு வயது இரண்டோ அதற்கும் குறைவோ.

பிள்ளை தூங்குகிறது என்றுதான் வீட்டார் நினைப்பார்கள். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், மூச்சு குறையும், உதடு நீலம் பாரிக்கும். ஆக்சிஜன் இல்லாமல் மூளை சேதமாகலாம். நுரையீரலில் நீர் கோக்கலாம். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரலாம். அரிதாகச் சில பிள்ளைகளுக்குச் சிறுமூளை வீங்கி, மூளைநீர் போகும் வழியை அடைத்துவிடும். அப்போது நரம்பியல் அறுவை மருத்துவரை அழைத்தாக வேண்டும்.

மாற்று மருந்தான நலாக்சோன் சில நிமிடங்களில் மூச்சை மீட்கும். அங்கேதான் ஏமாறுவோம். அதன் வேலை ஒன்றரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். பேட்சை உரித்த பிறகும் தோலடியில் தேங்கிய ஃபென்டனில் பல மணி நேரம் ஊறிக்கொண்டிருக்கும். எழுந்து உட்கார்ந்த பிள்ளை மறுபடி மூச்சுத் திணறும். அதனால் தொடர்ந்து கண்காணிப்பு வேண்டும், சிலருக்கு நலாக்சோன் டிரிப்பும். வழக்கமான சிறுநீர்ச் சோதனையில் ஃபென்டனில் பெரும்பாலும் சிக்காது. பேட்ச் இருக்கிறதா என்று முதுகையும் வாயையும் மருத்துவர் தம் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும்.

கழன்று விழுந்த பேட்ச் கண்ணில் படும்படி அதில் எழுத்தைப் பளிச்சென்று அச்சிட வேண்டும் என்று அமெரிக்காவில் 2013-இல்தான் உத்தரவு வந்தது. தாமதம் என்பேன்.

நம் ஊர்ப் புற்றுநோயாளிகளின் வீடுகளிலும் இந்த பேட்ச் உண்டு. உரித்தவுடன் பசைப்பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடியுங்கள். கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள் என்பதே அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. குப்பைக்கூடையில் மட்டும் போடாதீர்கள்.