பார்டர்லைன்: ஒரு நோய்ப்பெயர் பிறந்த கதை

காலையில் அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்த பதினாறு வயது மகள், மாலையில் "இனி உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்" என்று கதவை அறைந்து சாத்துகிறாள். சென்னை வடபழனி வீடுகளில் இதைத் திமிர் என்பார்கள், வயசுக்கோளாறு என்பார்கள். முருகன் கோயிலில் ஓர் அர்ச்சனையும் நடக்கும். பல பிள்ளைகளுக்கு அது வயதுதான். ஆனால் எல்லோரும் கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம், உள்ளுக்குள் தீராத வெறுமை, தன்னையே காயப்படுத்திக்கொள்வது என்று ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அது வேறு. அதற்கு ஒரு நோய்ப்பெயர் உண்டு.

லேசான மனக்கோளாறுகளிலும் சேராமல், மனச்சிதைவு போன்ற தீவிர நோய்களிலும் சேராமல் நடுவே தவித்தவர்களை 1938-இல் 'பார்டர்லைன்' என்று குறித்தார் அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் அடால்ஃப் ஸ்டெர்ன். 1975-இல் ஆய்வாளர்கள் கண்டர்சனும் சிங்கரும் அதன் அடையாளங்களை வரையறுத்தார்கள். 1980-இல் அமெரிக்க மனநோய்க் கையேட்டில் 'பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு' என ஏறியது.

அந்தப் பெயர் கையேட்டில் ஏறாத காலத்தில் சிக்கியவர் மார்ஷா லினஹன். 1961-இல், 17 வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஒரு மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். மனச்சிதைவு என்றார்கள். மருந்து, மின் அதிர்ச்சி, தனியறை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே கழிந்தன. பின்னாளில் உளவியலாளராகி, இந்தக் கோளாறுக்கென்றே டி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சையை உருவாக்கினார். தானும் அப்படித் தவித்த பிள்ளைதான் என்று 2011-இல்தான் வெளியே சொன்னார்.

பெயர் பிறந்த பிறகும் வளரிளம் பருவத்தினருக்கு அதைச் சூட்ட மருத்துவர்கள் தயங்கினார்கள். ஆளுமை இன்னும் உருவாகவில்லை, முத்திரை விழுந்துவிடும் என்ற கரிசனம். மனநல மருத்துவமனை இருப்பதாலேயே கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரை வசவாக்கிய சென்னையில் அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தத் தயக்கம் பிள்ளைகளுக்கு நல்லது செய்யவில்லை. சிகிச்சை தொடங்க வேண்டிய வருடங்கள் வீணாயின. மெல்போர்னில் ஆண்ட்ரூ சானன் குழு 15 வயதினரையும் சேர்த்துக்கொண்டு சிகிச்சை தந்தது. 2008-இல் வெளியான அவர்களின் ஆய்வில் பிள்ளைகள் தேறினார்கள். பதினெட்டுக்குக் கீழும் ஓராண்டு நீடித்த அறிகுறிகள் இருந்தால் கண்டறியலாம் என்று அமெரிக்கக் கையேடும் சொல்கிறது.

பெற்றோரே, ஒரே சந்திப்பில் முடிவு சொல்பவரை நம்பாதீர்கள். ஆனால் காத்திருக்கவும் வேண்டாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை வடபழனிக்குத் தொலைவில்லை. அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.