கிட்டியும் கச்சேரியும்

கிட்டி என்னுஞ் சொல்லை நம் இளைஞர் இன்று அகராதியிற் காண்பரேயன்றி வழக்கில் அறியார். இரண்டு கோல்களை ஒருபுறம் பிணித்து, இடையே விரல்களை வைத்து நெருக்கும் கருவி அது. கும்பினியார் ஆட்சியிற் சென்னை இராசதானியின் தாலூகாக் கச்சேரிகளில் வரி தண்டவும், களவை ஒப்புவிக்கவும், கைக்கூலி கறக்கவும் இக்கருவி பயன்பட்டது. கழுத்தையுங் கால்விரலையுங் கயிற்றாற் பிணித்து வெயிலில் நிறுத்துவதும் உண்டு. இதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். (திண்ணைப்பள்ளி உபாத்தியாயர்களும் இப்பெயரால் ஒரு தண்டனை வைத்திருந்தனர் என்பதை நம் தொழில் கருதி மறைப்பதற்கில்லை.)

இக்கொடுமை தழைத்தமைக்குக் காரணம் யாது? 1816-ஆம் ஆண்டுச் சட்டங்களால், ஜில்லா ஜட்ஜுகளிடமிருந்த போலீஸ் அதிகாரம் கலெக்டரிடமும் அவர்கீழ்த் தாசில்தாரிடமும் சென்றது. நாட்டு நடையறிந்தார் கையிற் காவல் இருத்தல் நலமென்பது மன்றோவின் கருத்து. கருத்து நன்றே, விளைவு வேறாயிற்று. வரி தண்டுவோனே கள்வனைப் பிடிப்போனும் ஆயினான். அவனால் வருந்தியவன் கலெக்டருக்கு மனுப்போட்டால், அம்மனு விசாரித்து அறிக்கை செய்யுமாறு பெரும்பாலும் அத்தாசில்தாரிடமே திரும்பி வரும். பின்னர் மனுதாரன் கதி யாதாகுமென்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சென்னைச் சுதேசி சங்கத்தை நிறுவிய கஜுலு லட்சுமிநரசு செட்டியார் இதனை வாளா விடவில்லை. 1853-இல் இந்நாட்டிற்கு வந்த பார்லிமெண்டு உறுப்பினர் டான்பி சீமோருக்கு ஊரூராய்க் குடிகளின் துயரைக் காட்டினார். 1854 ஜூலையில் அச்செய்தி பார்லிமெண்டில் எழுந்தது. அதன்பின் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் கொண்ட விசாரணைக் குழு சென்னையில் அமர்ந்தது. 519 பேர் நேரில் வந்தனர். 1,440 பேர் கடிதம் விடுத்தனர். ரயில் ஓடாத அக்காலத்தில், ஊர் திரும்பினால் அதே தாசில்தார் முகத்தில் விழிக்க வேண்டுமென்று அறிந்தும் வந்த அந்த 519 பேரையே நாம் இவ்வரலாற்றின் தலைவர் என்போம்.

சித்திரவதை உண்மையென 1855-இல் குழுவினர் எழுதினர். ஆயின் பழி முழுதும் சுதேசி உத்தியோகஸ்தர் தலையிலேயே விழுந்தது. வெள்ளைத் துரைமார் குற்றமற்றவராயினர். இத்தீர்ப்பை நாம் ஒப்புதற்கில்லை. சேவகன் செய்தது கொடுமையே. எனினும் அவனுக்குச் சொற்பச் சம்பளம் வைத்து, தவணைக்குப் பணம் வந்தாக வேண்டுமென்று நெருக்கியவர் யார்?

1859-ஆம் ஆண்டுச் சட்டம் போலீசைத் தனிப்படையாக்கியது. கலெக்டரோ மாஜிஸ்திரேட்டாகவே நீடித்தார். நீதித்துறையை நிர்வாகத்தினின்று பிரிக்குமாறு 1950-இல் அரசியலமைப்பு பணித்தது. 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் அப்பிரிவினையை நாடெங்கும் விரித்தது. போலீசாரிடம் கூறிய ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கு எதிராகச் செல்லாது என்னும் விதியோ 1861-லேயே சட்டமேறியது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இடம்பெற்ற அவ்விதி, 2023-இல் இயற்றப்பெற்ற புதுச் சட்டத்திலும் நீக்கப்படாமல் நிற்கின்றது.