பொறியியல் கல்வியில் பொருள் வடிவமைப்பு முடிவுகள்

ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தொழில் நிறுவனங்கள் எந்தக் கணக்கில் முடிவு செய்கின்றன என்பதைப் பொறியியல் மாணவர்களுக்குக் கற்பிக்கும் துறை இது. அளவு, மூலப்பொருள், செய்முறை, விலை, வாங்குபவர், பழுதுபார்ப்பு எல்லாமே ஒரே முடிவுக்குள் அடங்கும். ஆனால் கல்லூரியில் வடிவமைப்பு ஒரு தாள், பொருளாதாரம் வேறொரு தாள். இரண்டையும் ஒரே பொருளின்மேல் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் இறுதியாண்டு புராஜெக்டில்தான் வருகிறது. அது மிகத் தாமதம்.

இத்துறையின் வேர் தட்டுப்பாட்டில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மூலப்பொருள் கிடைக்காமல் மாற்றுப்பொருள் தேடிய அனுபவத்திலிருந்து, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் லாரன்ஸ் மைல்ஸ் 1947-இல் மதிப்புப் பகுப்பாய்வு முறையை உருவாக்கினார். இந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது, அதே வேலையைக் குறைந்த செலவில் வேறு எது செய்யும் என்பதே அதன் கேள்வி. வாங்குபவரின் விருப்பத்தைத் தொழில்நுட்ப அளவுகளாக மாற்றும் அட்டவணை 1972-இல் மிட்சுபிஷியின் கோபே கப்பல் கட்டும் தளத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. உல்ரிச், எப்பிங்கர் இருவரும் எழுதிய பாடநூல் 1995-இல் வெளியானபின் இத்துறை வகுப்பறைப் பாடமாகப் பரவியது. பொறியியல் பட்டப்படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014-இல் இந்தியா முழு உறுப்பினரானது. பொறியியல் பட்டதாரி பெற வேண்டிய திறன்களாக இந்தியாவில் வரையறுக்கப்பட்டவற்றில் வடிவமைப்பும், திட்ட மேலாண்மையும் நிதியும் உண்டு.

இதைக் கற்பிக்க வெளிநாட்டு கார்த் தொழிற்சாலைகளைத் தேட வேண்டியதில்லை. தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலின் விசைத்தறிச் சேலை போதும். ஒரு தறி நிமிடத்துக்கு 120 ஊடை (குறுக்கு நூல்) போடுகிறது என்றும், சேலை நீளம் ரவிக்கைத் துணியோடு 6.2 மீட்டர், அதாவது 244 அங்குலம் என்றும் வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 60 ஊடை என்றால் ஒரு சேலை நெய்ய 122 நிமிடம் ஆகும். துணி கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும் என்று 64 ஆக்கினால் 130 நிமிடம். நூல் அறுந்து தறி நிற்கும் நேரம் இதில் சேரவில்லை. ஊடை நூலும் பதினைந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போகும். கூலி சேலைக் கணக்கில் பேசப்பட்டால் அந்த எட்டு நிமிடம் நெசவாளியின் தலையில் விழும். மணிக்கணக்கில் என்றால் முதலாளியின் தலையில். மின்செலவும் கூடும். தமிழக அரசு விசைத்தறிகளுக்கு இரு மாதங்களுக்கு வழங்கும் இலவச மின்சாரம் 2023-இல் 750 யூனிட்டிலிருந்து 1000 யூனிட்டாக உயர்ந்தது. அந்த வரம்புக்குள் நிற்கும் தறிக்கும் தாண்டும் தறிக்கும் கணக்கு வேறு.

இத்தனைக்குப் பிறகும் கடையில் துணியைத் தொட்டுப் பார்ப்பவர் அந்த நான்கு ஊடையின் வித்தியாசத்தை உணர்வாரா? உணர்ந்தால் கூடுதல் விலை தருவாரா, அல்லது அந்தப் பணத்தைக் கரையின் நிறத்துக்குத் தருவாரா? இதற்குச் சூத்திரம் இல்லை. கடைக்காரரையும் வாங்குபவரையும்தான் கேட்க வேண்டும். கோவில்பட்டியிலும் திருநெல்வேலியிலும் படிக்கும் மாணவர்கள் பேருந்தில் போய்க் கேட்டு வரக்கூடிய தூரத்தில் இந்தப் பாடம் இருக்கிறது. கணக்கை வகுப்பில் போட்டுவிட்டு ஊருக்குப் போகாமல் விட்டால் பாதிப் பாடம்தான் நடந்ததாகும்.

விழிலென்ஸ் தயாரிக்கும் மதுரை ஆரோலேப் இன்னொரு வலுவான உதாரணம். அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமியால் தொடங்கப்பட்டது. கண்புரை அறுவையின்போது பொருத்தும் விழிலென்ஸ் ஆரோலேப் வருமுன் இறக்குமதி. விலை 100 டாலர் அளவில் இருந்தது. 1992-இல் அரவிந்த் தொடங்கிய ஆரோலேப் அதை ஏறத்தாழ 10 டாலருக்குக் கொண்டுவந்தது. மடங்கும் லென்ஸ் சிறு துளை வழியே உள்ளே போகும். ஆனால் அந்த அறுவை முறைக்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவை. மடங்காத லென்ஸுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் திறப்பு வேண்டும். அதைத் தையலின்றிக் கையாலேயே செய்யும் முறையை அரவிந்த் மருத்துவர்கள் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். லென்ஸின் வடிவமும் மருத்துவரின் கைப்பழக்கமும் நோயாளியின் பணமும் சேர்ந்தே முடிவான விஷயம் இது. லென்ஸின் ஒளியியலை மட்டும் படித்த மாணவருக்கு இந்த முடிவு புரியாது.

விலையை முதலில் நிர்ணயித்து வடிவத்தை அதற்குள் அடக்குவதும் உண்டு. 2008-இல் அறிமுகமான டாடா நானோ ஒரு லட்சம் ரூபாய் இலக்குக்காக வடிவமைக்கப்பட்டது. தயாரிப்பு 2018-இல் நின்றது. மிக மலிவான கார் என்ற பெயரே அதற்குப் பாதகமானது என்று ரத்தன் டாடா பின்னர் ஒப்புக்கொண்டார். கார் வாங்குவது நம் ஊரில் குடும்ப கௌரவமும் சேர்ந்த விஷயம். வரைபடத்தில் அதற்கு இடம் இல்லை.

மதிப்பெண் முறையே இத்துறையின் பெரிய இடையூறு. தேர்வில் ஒரே சரியான விடைக்குப் பழகிய மாணவர், 60 ஊடையும் சரி, 64 ஊடையும் சரி என்ற நிலையில் திகைத்துப் போகிறார். எனவே விடைக்கு அல்லாமல் காரணத்துக்கு மதிப்பெண் தர வேண்டும்: யாருக்கான சேலை, என்ன விலை, எட்டு நிமிடத்தை யார் சுமப்பது, விற்காவிட்டால் எதை மாற்றுவது. மதிப்பிடும் குழுவில் ஆசிரியரோடு தறி முதலாளி ஒருவரும் நெசவாளி ஒருவரும் உட்கார்ந்தால், மாணவர் வைக்கும் காரணம் அங்கேயே சோதிக்கப்படும்.